பழைய டெபியன் கணினியில் சின்க்திங்கை 2-ஆம் பதிப்புக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி சுருக்கமாக: கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அப்பாவின் அச்சகக் கணினி. கோர் 2 டுவோ, 2 ஜிபி ராம், டெபியன் 10 (லினக்ஸ் சிஸ்டம்), அதோடு வந்த சின்க்திங் 1.0.0 (கணினிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் மென்பொருள்). கல்யாணப் பத்திரிகை, கருமாதி அட்டை, கோயில் நோட்டீஸ் என்று 180 ஜிபி டிசைன்கள் அதில் இருக்கின்றன. ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் சீரியல் போர்ட்டில் ஓடுவதால் கணினியை மாற்ற வழியில்லை. ஷா ஆலம் வீட்டு மடிக்கணினியில் சின்க்திங் 2 போட்ட நாளிலிருந்து இரண்டும் இணைவதில்லை. கடைக் கணினியில் ‘ஆப்ட் அப்டேட்’ (டெபியனின் மென்பொருள் நிறுவும் கருவிக்கான கட்டளை) கொடுத்தால் 404 வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்:

இங்கே இரண்டு கோளாறுகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால் இரண்டுமே தீரக்கூடியவை.

முதலாவது, 404. டெபியன் 10-க்கான நீண்டகால ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பொதிகள் வழக்கமான சர்வர்களிலிருந்து எடுக்கப்பட்டு, டெபியனின் ஆவணக் கிடங்குக்குப் போய்விட்டன. உங்கள் கணினி பழைய முகவரியிலேயே போய்க் கதவைத் தட்டுகிறது. கிடங்கு முகவரியைப் போட்டால் 404 நிற்கும். ஆனால் அங்கேயும் கிடைப்பது அதே 1.0.0 தான், ஆகவே அந்த வேலையில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

இரண்டாவது, இணைப்பு. டெபியன் 10-ல் உள்ள சின்க்திங், கோ என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பில் கட்டப்பட்டது. அதற்கு டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கிப் பாதுகாக்கும் முறை) 1.2 வரைதான் தெரியும். புதிய சின்க்திங்கோ டிஎல்எஸ் 1.3-க்குக் குறைந்த எதையும் ஏற்காது. மடிக்கணினியின் லாக்கில் ‘கிளையன்ட் ஆஃபர்டு ஒன்லி அன்சப்போர்ட்டட் வெர்ஷன்ஸ்’ என்ற வரியும், பக்கத்தில் 303, 302 போன்ற எண்களும் தெரிந்தால் காரணம் இதுதான். 303 என்பது டிஎல்எஸ் 1.2-ன் உள் எண். சாதன ஐடி சரியாக இருக்கும், ஃபயர்வாலும் சரியாக இருக்கும். ஆனாலும் ‘டிஸ்கனெக்டட்’ என்றே காட்டும். ரவுட்டரைக் கழற்றி மாட்டியோ, இணையச் சேவை தரும் யூனிஃபைக்குப் போன் போட்டோ பயனில்லை.

(டெபியன் 9 வைத்திருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். அதில் இருப்பது 0.14.18. சின்க்திங் 1.1.0-லிருந்து பெரிய கோப்புகளைப் பெரிய துண்டுகளாக வெட்டும் முறை நிரந்தரமாகிவிட்டது. 0.14.45-க்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் அந்த முறை புரியாது. கீழே சொல்லும் ‘கடைசி ஒத்திசைவு’ அவர்களுக்குப் பலிக்காது. கோப்புகளை வெளி டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குவதே வழி.)

ஒரு குறிப்பு: கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

முதலில் கணினி எத்தனை பிட் என்று பார்க்க வேண்டும். டெர்மினலில் ‘யூநேம் -எம்’ கொடுங்கள். ‘எக்ஸ்86_64’ என்று வந்தால் 64-பிட். ‘ஐ686’ என்று வந்தால் அதை வைத்து கணினியே 32-பிட் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அது கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) எத்தனை பிட் என்பதை மட்டும்தான் சொல்கிறது. ‘எல்எஸ்சிபியு’ கொடுத்து, ‘சிபியு ஆப்-மோட்’ என்ற வரியைப் பாருங்கள். கோர் 2 டுவோ எல்லாமே 64-பிட் தாங்கும். ராம் குறைவு என்பதால் அந்தக் காலத்தில் கடைக்காரர்கள் அதில் 32-பிட் சிஸ்டத்தைப் போட்டுக் கொடுப்பது வழக்கம். உங்களுடையதும் அப்படி இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இப்போதைக்கு சின்க்திங் எடுக்கும்போது கெர்னலுக்கு ஏற்ற கோப்பை எடுங்கள்: ஐ686 என்றால் ‘லினக்ஸ்-386’, எக்ஸ்86_64 என்றால் ‘லினக்ஸ்-ஏஎம்டி64’. 32-பிட் கெர்னலில் ஏஎம்டி64 கோப்பை ஓட்டினால் ‘எக்செக் ஃபார்மட் எரர்’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடும், வேறு சேதம் இல்லை.

இதைவிடப் பழைய கணினிகளுக்கு இரண்டு வாசற்படிகள் உண்டு. கோ 1.16-லிருந்து 32-பிட் புரோகிராம்களுக்கு ப்ராசஸரில் எஸ்எஸ்இ2 என்ற கட்டளைத் தொகுதி கட்டாயம். பென்டியம் 3, ஆத்லான் எக்ஸ்பி இரண்டிலும் அது கிடையாது. அங்கே புதிய சின்க்திங் ஓடாது, அமைப்பை எப்படி மாற்றினாலும் ஓடாது. கோ 1.24-லிருந்து கெர்னல் 3.2-ஆவது இருக்க வேண்டும், எனவே 2.6.32 கெர்னலோடு நிற்கும் சென்ட்ஓஎஸ் 6 போன்றவை வெளியே. டெபியன் 10-ன் கெர்னல் 4.19. உங்களுக்கு இரண்டு படியும் தடையில்லை.

அடுத்தது கடிகாரம். ‘டைம்டேட்சிடிஎல்’ கொடுத்துத் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோன கணினி, ஒவ்வொரு முறை கரண்டை அணைத்துப் போடும்போதும் பல வருடம் பின்னால் போய் எழும். தேதி தவறாக இருந்தால் டிஎல்எஸ் சர்டிபிகேட் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று எல்லாத் தளத்தையும் கணினி மறுக்கும். ஆப்ட்டும் ‘ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்’ என்று முறைக்கும். அந்தத் தேதியிலேயே அப்பா ஒரு டிசைனைச் சேமித்தால், எது புதியது எது பழையது என்று ஒப்பிடும் இடத்தில் சின்க்திங்குக்கும் குழப்பம் வரும். பேட்டரி நாணய வடிவில் இருக்கும், 3 வோல்ட், எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். மாற்றிவிட்டு நேர மண்டலம் ‘ஏஷியா/கோலா_லம்பூர்’ என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான இடம். அவசரக்காரர்கள் கோப்புகளை இழப்பது இங்கேதான்.

பழைய பதிப்பைத் தூக்கும் முன், அது இருக்கும்போதே இரண்டு கணினிகளையும் ஒருமுறை முழுதாகச் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும். காரணம், சின்க்திங் ஒவ்வொரு கோப்புக்கும் ‘யார், எத்தனையாவது தடவை மாற்றியது’ என்ற கணக்கைத் தன் டேட்டாபேஸில் எழுதிவைக்கிறது. அழித்த கோப்புக்கும் ‘இது அழிக்கப்பட்டது’ என்ற குறிப்பு உண்டு. பல மாதம் பேசிக்கொள்ளாத இரண்டு கணினிகளில் ஒன்றின் டேட்டாபேஸைத் தூக்கியெறிந்துவிட்டு இணைத்தால், மடிக்கணினி ‘அழித்தாயிற்று’ என்று சொல்லும் கோப்பை, கடைக் கணினி ‘இதோ என்னிடம் இருக்கிறதே, புதிது’ என்று மேசையில் வைக்கும். நீங்கள் போன வருடம் சுத்தம் செய்த நூறு ஃபோல்டர்களும் திரும்பி வந்து உட்காரும். அதே கோப்பு இரண்டு பக்கமும் மாறியிருந்தால், பெயருக்கு நடுவில் ‘சின்க்-கான்ஃப்ளிக்ட்’ என்ற சொல்லும் தேதியும் நேரமும் ஒட்டிக்கொண்ட இரட்டைப் பிரதிகள் முளைக்கும்.

இந்தக் கடைசி ஒத்திசைவுக்கு ஒரு தற்காலிகக் கதவு உண்டு. கடைக் கணினியில் கை வைக்க வேண்டாம். மடிக்கணினியின் சின்க்திங் பக்கத்தில் ‘ஆக்‌ஷன்ஸ்’, ‘அட்வான்ஸ்டு’, ‘ஆப்ஷன்ஸ்’ என்று போங்கள். ‘இன்செக்யூர் அலவ் ஓல்டு டிஎல்எஸ் வெர்ஷன்ஸ்’ என்ற பெட்டியில் டிக் போட்டுச் சேமித்து, சின்க்திங்கை மறுதொடக்கம் செய்யுங்கள். இரண்டும் பேசத் தொடங்கும். முடிந்தால் மடிக்கணினியைக் கடைக்கே எடுத்துப்போய், ஒரே ரவுட்டரில் கேபிள் போட்டு இணையுங்கள். ஷா ஆலமிலிருந்து ரிலே (இடையில் நிற்கும் சர்வர்) வழியாகச் சுற்றி வருவதைவிடப் பல மடங்கு வேகம். வேலை முடிந்ததும் அந்த டிக்கை எடுத்துவிட மறக்காதீர்கள், அது நிரந்தரமாகத் திறந்து வைக்கும் கதவு அல்ல.

அந்த ஒத்திசைவு தொடங்கும் முன்பே மடிக்கணினியில் அந்த ஃபோல்டருக்கு ‘ஃபைல் வெர்ஷனிங்’கில் ‘டிராஷ் கேன்’ தேர்ந்தெடுத்து வையுங்கள். கடையிலிருந்து வரும் மாற்றத்தால் அழிபடுவதும் மேலெழுதப்படுவதும் ‘.எஸ்டிவெர்ஷன்ஸ்’ என்ற மறை ஃபோல்டரில் தங்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெர்ஷனிங் வெளியிலிருந்து வரும் மாற்றத்துக்கு மட்டுமே வேலை செய்யும். அதே மடிக்கணினியில் உட்கார்ந்து நீங்களே அழித்தால் அது தாங்காது. அதனால் 180 ஜிபிக்கும் வெளி டிஸ்க்கில் தனிப் பிரதி ஒன்று தேவை. ஒரு பக்கம் தவறாக அழித்தது ஒரு நிமிடத்தில் மறுபக்கமும் அழிந்துவிடும் என்பதால், சின்க்திங்கை நம்பி அந்தப் பிரதியைத் தவிர்க்காதீர்கள்.

இரண்டு பக்கமும் ‘அப் டு டேட்’ என்று பச்சையாக வந்ததும், கடைக் கணினியில் சின்க்திங்கை நிறுத்துங்கள். ஹோம் ஃபோல்டருக்குள் ‘.கான்ஃபிக்’ என்பதில் இருக்கும் ‘சின்க்திங்’ ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள். அதற்குள் ‘கான்ஃபிக்.எக்ஸ்எம்எல்’, ‘சர்ட்.பெம்’, ‘கீ.பெம்’, ‘இண்டெக்ஸ்’ என்று தொடங்கும் டேட்டாபேஸ் ஃபோல்டர் எல்லாம் இருக்கும். சாதன ஐடி என்கிற அந்த நீளமான எழுத்துச்சரம் சர்ட்.பெம் கோப்பிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. இந்த இரண்டு பெம் கோப்புகள் இருக்கும்வரை, கணினியையே மாற்றினாலும் ஐடி மாறாது. கீ.பெம் வேறொருவர் கையில் கிடைத்தால் அவர் உங்கள் கடைக் கணினியாக வேடம் போடலாம், ஆகவே பென்டிரைவைக் கல்லாவுக்குப் பக்கத்தில் போட்டுவைக்காதீர்கள்.

புதிய பதிப்பை எடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, சின்க்திங்கின் சொந்த ஆப்ட் கிடங்கு. மற்றது, ஒரே ஒரு ‘டார்’ கோப்பு (சுருக்கிக் கட்டிய தொகுப்பு). ஆதரவு முடிந்த சிஸ்டத்துக்கு இரண்டாவதையே சொல்வேன். ஆப்ட் வழியில் சாவிக் கோப்பு, சர்டிபிகேட் தொகுப்பு, கிடங்கு வரி என்று மூன்று இடத்தில் எது பழையதானாலும் வேலை நிற்கும். 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி ‘டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3’ என்ற மூலச் சர்டிபிகேட் காலாவதியானபோது, அதுவரை நன்றாக ஓடிய எத்தனையோ பழைய லினக்ஸ் கணினிகள் ஒரே நாளில் பல தளங்களை நம்ப மறுத்தன. டார் கோப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. மடிக்கணினியில் இறக்கி, அங்கேயே ‘எஸ்எச்ஏ256சம்’ கொடுத்து, வெளியீட்டுப் பக்கத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, பென்டிரைவில் எடுத்துப்போகலாம். கடைக் கணினி இணையத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை.

நேராக 2-க்குத் தாவத் தோன்றும். நடுவில் 1.30-ல் ஒருநாள் நிறுத்துங்கள் என்பேன். 1.0.0-க்கும் 1.30-க்கும் இடையில் டேட்டாபேஸின் உள் அமைப்பு பலமுறை மாறியிருக்கிறது. அந்த மாற்றங்களை 1.x வரிசை தானாகவே தொடக்கத்தில் செய்துகொள்ளும். அதற்குப் பிறகு 2-ஆம் பதிப்பின் பெரிய மாற்றம் ஒன்றுதான் பாக்கி இருக்கும். எது எங்கே தடுக்கியது என்று கண்டுபிடிப்பதும் சுலபம்.

செய்முறை இது. ‘சூடோ ஆப்ட் ரிமூவ் சின்க்திங்’ கொடுத்து டெபியனின் பொதியை நீக்குங்கள். இதற்கு இணையம் வேண்டாம், ஹோம் ஃபோல்டரில் உள்ள அமைப்பும் தொடப்படாது. ஹோம் ஃபோல்டரில் ‘பின்’ என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, டார் கோப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் ‘சின்க்திங்’ என்ற ஒற்றைக் கோப்பை அங்கே வையுங்கள். டார் கோப்புக்குள்ளேயே ‘ஈடிசி’, ‘லினக்ஸ்-சிஸ்டம்டி’, ‘யூசர்’ என்று போனால் தயாராக ஒரு சர்வீஸ் கோப்பு இருக்கும். அதை ‘.கான்ஃபிக்’, ‘சிஸ்டம்டி’, ‘யூசர்’ என்ற இடத்துக்கு நகலெடுத்து, ‘எக்செக்ஸ்டார்ட்’ வரியில் பாதையை மட்டும் மாற்றுங்கள்:

எக்செக்ஸ்டார்ட்=%எச்/பின்/சின்க்திங் சர்வ் --நோ-பிரவுசர் --நோ-ரீஸ்டார்ட்

பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் --யூசர் எனேபிள் --நவ் சின்க்திங்’. அப்பா லாகின் செய்யும் முன்பே ஓட வேண்டும் என்றால் ‘சூடோ லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்’ என்பதோடு அவர் பயனர் பெயரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால், அவர் லாகின் ஆகாத நாளில் சின்க்திங்கும் எழாது.

அந்த வரியில் உள்ள இரட்டைக் கோடுகளைக் கவனியுங்கள். பழைய டெபியன் சர்வீஸ் கோப்பில் ‘-நோ-பிரவுசர்’, ‘-நோ-ரீஸ்டார்ட்’ என்று ஒற்றைக் கோடுதான் இருந்தது. 1.x அதைப் பொறுத்துக்கொண்டது. 2-ஆம் பதிப்பு பொறுக்காது, தொடங்கிய நொடியே வெளியேறிவிடும். சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நடத்தும் பகுதி) அதை மறுபடி எழுப்பும், அது மறுபடி விழும், சில தடவைக்குப் பிறகு சிஸ்டம்டியும் கைவிட்டுவிடும். 2-க்கு மாறியதும் செத்துவிட்டது என்று புலம்புவோர் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கோட்டைத்தான். ஆட்டோஸ்டார்ட்டிலோ, நேரப்படி கட்டளை ஓட்டும் கிரானிலோ யாராவது பழைய வரி எழுதி வைத்திருக்கிறார்களா என்றும் தேடுங்கள்.

சர்வீஸ் கோப்பில் ‘ரீஸ்டார்ட்ஃபோர்ஸ்எக்சிட்ஸ்டேட்டஸ்=3 4’ என்றொரு வரி இருக்கும், அதை நீக்காதீர்கள். சின்க்திங் 3 என்ற எண்ணோடு வெளியேறினால் ‘என்னை மறுபடி தொடங்கு’ என்று பொருள், 4 என்றால் ‘புதுப்பித்துக்கொண்டேன், மறுபடி தொடங்கு’. அந்த வரி இல்லாவிட்டால் தானே புதுப்பித்துக்கொண்ட பிறகு அணைந்து கிடக்கும்.

1.30 ஓடத் தொடங்கி, மடிக்கணினியோடு பேசி, பச்சை காட்டியதும் (இப்போது அந்த டிஎல்எஸ் டிக் தேவையில்லை) மறுபடி நிறுத்தி, பென்டிரைவில் இன்னொரு நகல் எடுத்துவிட்டு, ‘பின்’ ஃபோல்டரில் உள்ள கோப்பை 2-ஆம் பதிப்பால் மாற்றித் தொடங்குங்கள்.

2-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. அதன் பெரிய மாற்றம், லெவல்டிபி என்ற பழைய டேட்டாபேஸை விட்டு எஸ்கியூலைட்டுக்குப் போனது. முதல் தொடக்கத்தில் பழையதைப் படித்துப் புதியதை எழுதும். 180 ஜிபி என்பது இங்கே கணக்கே அல்ல. கோப்புகளின் எண்ணிக்கைதான் கணக்கு. அச்சகத்தில் எழுத்துருக்கள், லோகோக்கள், சின்னச் சின்னப் படங்கள் என்று லட்சக்கணக்கில் இருந்தால், பழைய சுழல் டிஸ்க்கில் இது மணிக்கணக்கில் இழுக்கலாம். டிஸ்க் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஸ்க்ரீனில் ஒன்றும் நடக்காத மாதிரி தெரியும். பொறுமை இழந்து பட்டனை அழுத்தி அணைக்காதீர்கள். ‘ஜர்னல்சிடிஎல் --யூசர் -யூ சின்க்திங் -எஃப்’ கொடுத்தால் நகர்கிறதா என்று தெரியும். இரண்டு டேட்டாபேஸும் சிறிது நேரம் ஒன்றாக இருக்கும் என்பதால், பழைய இண்டெக்ஸ் ஃபோல்டரின் அளவைப்போல் பல மடங்கு காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மழையும் இடியும் வரும் ஊர் இது, யூபிஎஸ் இல்லையென்றால் காலையிலேயே தொடங்குங்கள். தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் முந்திய வாரங்களில் இந்த வேலையே வேண்டாம்.

மாற்றம் நடுவில் கெட்டுப்போனால் பயப்பட ஒன்றுமில்லை. நிறுத்தி, பென்டிரைவில் உள்ள 1.30 நகலைத் திரும்ப வைத்து, பழைய கோப்போடு ஓட்டலாம். 2 எழுதிய டேட்டாபேஸை 1.30 படிக்காது, அந்த நகல் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். நகலும் இல்லை என்றால் இண்டெக்ஸ் ஃபோல்டரை மட்டும் நீக்கிவிட்டு, 180 ஜிபியையும் மறுபடி படித்து ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) போட விடவேண்டும். பழைய டிஸ்க் நொடிக்கு 40 எம்பி கொடுத்தால் 75 நிமிடம், சின்னக் கோப்புகள் அதிகம் என்றால் இன்னும் கூடும்.

இன்னொரு மாற்றம், பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கே உரியது. 2-ஆம் பதிப்பு, அழித்த கோப்பின் குறிப்பை 15 மாதம் மட்டுமே வைத்திருக்கும். அதற்கு முன் காலவரையின்றி வைத்திருந்தது. கணினியைப் பெட்டியில் கட்டி ஒன்றரை வருடம் வைத்துவிட்டுத் திடீரென்று இணைத்தால், இடையில் அழித்தவை உயிர்பெற்று எல்லாக் கணினிக்கும் பரவும். அப்படிப் பழக்கம் இருந்தால் ‘--டிபி-டெலீட்-ரிடென்ஷன்-இண்டர்வல்’ என்ற தெரிவுக்கு 0 கொடுத்து, பழையபடி எப்போதும் நினைவில் வைக்கச் சொல்லலாம். இது எல்லாக் கணினியிலும் கொடுக்க வேண்டிய ஒன்று.

ஓடத் தொடங்கிய பிறகு 2 ஜிபி ராமுக்கு ஏற்றபடி சிலவற்றைக் குறைக்க வேண்டும். எல்லாம் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் இருக்கும். ஃபோல்டருக்குள் ‘ஹாஷர்ஸ்’ 1. ஆப்ஷன்ஸில் ‘மேக்ஸ் ஃபோல்டர் கன்கரன்ஸி’ 1, இதனால் இரண்டு ஃபோல்டர்கள் ஒரே சமயத்தில் டிஸ்க்கைச் சண்டை போட்டு இழுக்காது. 2-ஆம் பதிப்புகள் தமக்குள் இயல்பாகவே மூன்று இணைப்புகள் போட்டுக்கொள்ளும், ஒன்று பட்டியலுக்கு, இரண்டு கோப்புகளுக்கு. கடைக் கணினியில் மடிக்கணினி என்ற சாதனத்துக்கான ‘நம்பர் ஆஃப் கனெக்‌ஷன்ஸ்’ 1 போதும். மணிக்கொருமுறை முழுச் சோதனை என்பது இயல்பான அமைப்பு, 3600 நொடி. ஃபோல்டரைக் கண்காணிக்கும் வசதி வேலை செய்தால் அதை 86400 ஆக்கி, நாளுக்கு ஒருமுறை என்று வைக்கலாம். அப்பா பெரிய டிசைன் கோப்பைத் திறக்கும் நேரத்தில் டிஸ்க் உறுமுவது அப்போதுதான் நிற்கும்.

அந்தக் கண்காணிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. பழைய கெர்னல்களில் ஒரு பயனருக்கு 8192 ஃபோல்டர்களைத்தான் கண்காணிக்க முடியும் (கோப்புகள் அல்ல, ஃபோல்டர்கள்). கெர்னல் 5.11-லிருந்துதான் ராமைப் பார்த்துத் தானே கூட்டிக்கொள்கிறது. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு ஃபோல்டர் என்று பத்து வருடம் சேர்த்த அச்சகம் இந்த எல்லையை எளிதில் தாண்டும். ‘ஐநோட்டிஃபை லிமிட்’ என்று எச்சரிக்கை வந்தால், ‘/ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி’ ஃபோல்டரில் ஒரு கோப்பு உண்டாக்கி ‘எஃப்எஸ்.ஐநோட்டிஃபை.மேக்ஸ்_யூசர்_வாட்சஸ்=204800’ என்ற ஒரே வரியை எழுதி, ‘சூடோ சிஸ்சிடிஎல் --சிஸ்டம்’ கொடுங்கள். எண்ணைப் பார்த்து அஞ்ச வேண்டாம். உண்மையில் கண்காணிக்கும் ஃபோல்டருக்கு மட்டும்தான் ராம் செலவாகும், 64-பிட்டில் ஒன்றுக்கு ஏறக்குறைய 1 கேபி.

ஒரே ஒரு பொருள் வாங்கப் பணம் இருந்தால் எஸ்எஸ்டி வாங்குங்கள். எஸ்கியூலைட் டிஸ்க்கில் அடிக்கடி எழுதும், சுழல் டிஸ்க்குக்கு அது பெரும் வதை. கோர் 2 டுவோ போர்டுகளில் சாட்டா இருக்கும், லோயாட் பிளாசாவில் கிடைக்கும் சாதாரண 2.5 அங்குல எஸ்எஸ்டி அப்படியே மாட்டும். சிஸ்டமும் ஹோமின் ‘.கான்ஃபிக்’கும் எஸ்எஸ்டியில், டிசைன்கள் பழைய டிஸ்க்கில் என்று பிரித்தாலே போதும்.

இனி வரும் மாதங்களில் புதுப்பிப்பது எப்படி? டார் கோப்பிலிருந்து போட்ட சின்க்திங், தன் கோப்பை எழுத அனுமதி இருந்தால் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துத் தானே புதுப்பித்துக்கொள்ளும். இறக்கிய கோப்பின் கையெழுத்தைச் சரிபார்த்த பிறகே மாற்றும். ‘பின்’ ஃபோல்டரை ஹோமுக்குள் வைக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான், ‘/யூஎஸ்ஆர்/பின்’னில் வைத்தால் அனுமதி இல்லாமல் மாதாமாதம் தோற்கும். பெரிய பதிப்பு மாற்றத்தை (1-லிருந்து 2 மாதிரி) அது தானாகச் செய்யாது, பொத்தானைக் காட்டி உங்களைக் கேட்கும். புதிய பதிப்பு வழக்கமாக மாதத்தின் முதல் செவ்வாய் வாக்கில் வரும். யாரும் கவனிக்காத கணினி என்றால் தானியங்கியை அப்படியே விடுங்கள். நீங்கள் மாதம் ஒருமுறை கடைப்பக்கம் போவீர்கள் என்றால், மடிக்கணினியை முதலில் புதுப்பிக்கவிட்டு, ஒரு வாரம் கழித்துக் கடையில் கையால் செய்வது இன்னும் நல்லது.

அப்பாவின் கைப்பேசியையும் சேர்க்க நினைத்தால், சின்க்திங் குழுவின் பழைய ஆண்ட்ராய்டு ஆப் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. ‘சின்க்திங்-ஃபோர்க்’ என்ற கிளைதான் இப்போது ஓடுகிறது.

கடைசியாக டெபியன் 10. சின்க்திங் மட்டும் புதிதாக இருந்து, அடியில் உள்ள சிஸ்டத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராமல் இருப்பது, ஓட்டைக் கூரைக்குக் கீழே புது மெத்தை போட்ட மாதிரி. இடைக்காலத்தில் அந்தக் கணினியில் பிரவுசர், வங்கி, மின்னஞ்சல் வேண்டாம். சின்க்திங்கின் 8384 போர்ட் 127.0.0.1-ல் மட்டும் கேட்கும்படி இருக்கட்டும், 0.0.0.0 என்று மாற்றாதீர்கள். வெளியே தேவைப்படுவது 22000, ஒரே வீட்டுக்குள் கண்டுபிடிக்க 21027, அவ்வளவுதான்.

கடை மூடும் ஒரு ஞாயிறில் சிஸ்டத்தை மாற்றிவிடுங்கள். 10-லிருந்து 11, 12, 13 என்று படிப்படியாக ஏறுவதைவிடப் புதிதாகப் போடுவது பழைய கணினியில் சீக்கிரம் முடியும். 32-பிட்டிலிருந்து 64-பிட்டுக்குப் போகவும் அதுவே சரியான வழி. டெபியன் 13-ல் 32-பிட் இன்ஸ்டாலரே கிடையாது, உண்மையான 32-பிட் கணினிகளுக்கு டெபியன் 12 தான் கடைசி. உங்கள் ப்ராசஸர் 64-பிட் தாங்குவதால் 13-ன் ஏஎம்டி64 பதிப்பையே போடலாம், கனமான டெஸ்க்டாப் வேண்டாம், எக்ஸ்எஃப்சிஇ போதும். அங்கே போன பிறகு ஆப்ட் வழி சுகமாக இருக்கும்: சாவிக் கோப்பை ‘/ஈடிசி/ஆப்ட்/கீரிங்ஸ்’ ஃபோல்டரில் வைத்து, சின்க்திங் கிடங்கின் ‘ஸ்டேபிள்-வி2’ வரியைச் சேர்த்து, அந்தக் கிடங்குக்கு ‘பின்-ப்ரையாரிட்டி’ என்ற முன்னுரிமை எண்ணாக 990 கொடுத்தால், டெபியனின் சொந்தப் பழைய பொதி (அதன் முன்னுரிமை 500) குறுக்கே வராது. ஆப்ட் வழியில் போட்ட சின்க்திங் தானே புதுப்பித்துக்கொள்ளாது, அதை ஆப்ட்தான் செய்யும்.

புது சிஸ்டத்தில் சின்க்திங்கை முதன்முறை தொடங்குவதற்கு முன்பே, பழைய ‘.கான்ஃபிக்’கில் இருந்த சின்க்திங் ஃபோல்டரைத் திருப்பி வைத்துவிடுங்கள். பயனர் பெயரும் ஃபோல்டர் பாதைகளும் பழையபடியே இருக்கட்டும். மடிக்கணினிக்குக் கடையில் எதுவும் மாறியதாகவே தெரியாது, ஐடி அதேதான். டிசைன் டிஸ்க் பொருத்தப்படாத நிலையில் தொடங்கிவிட்டாலும், ஃபோல்டருக்குள் இருக்கும் ‘.எஸ்டிஃபோல்டர்’ என்ற அடையாளம் காணாததால் அது பிழை காட்டி நிற்குமே தவிர, எல்லாம் அழிந்துவிட்டது என்று மடிக்கணினிக்குச் சொல்லாது. அந்த அடையாளத்தைக் கையால் உண்டாக்கி ‘சரிசெய்ய’ முயலாதீர்கள், டிஸ்க்கைப் பொருத்துங்கள்.

ஸ்டிக்கர் மெஷினின் மென்பொருள் 32-பிட் என்றால் ‘சூடோ டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386’ கொடுத்து, ஆப்ட் அப்டேட் செய்த பிறகு, அதற்குத் தேவையான 32-பிட் நூலகங்களைச் சேர்க்கலாம். மெஷின் ‘பெர்மிஷன் டினைட்’ என்று சொன்னால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம். புது சிஸ்டத்தில் சீரியல் போர்ட்டைத் தொட, பயனர் ‘டயல்அவுட்’ என்ற குழுவில் இருக்க வேண்டும். ‘சூடோ யூசர்மாட் -ஏஜி டயல்அவுட்’ என்பதோடு அப்பாவின் பயனர் பெயரைக் கொடுத்து, ஒருமுறை கணினியை மறுதொடக்கம் செய்தால் வெட்டத் தொடங்கிவிடும்.